சாய்ந்த உயிர்வேலி: நறுக்குவதா, தரையோடு வெட்டுவதா, வேரோடு எடுப்பதா?

ஏற்காட்டில் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் வீடுகளின் முன்னால், இடுப்பளவுக்கு நறுக்கி வளர்க்க வேண்டும் என்று நட்ட துராந்தா வேலி ஒன்பது பத்தடிக்கு எழும்பி, உச்சிக் கனம் தாங்காமல் சாலைப் பக்கம் சாய்ந்து நிற்பதைப் பார்க்கலாம். கீழே சேலத்தில் அழகாபுரம், பேர்லேண்ட்ஸ், கன்னங்குறிச்சிப் பக்கத்து மனைகளில் சுற்றுச்சுவரை ஒட்டி வைத்த செம்பருத்தியும் போகன்வில்லாவும் சுவருக்கு மேல் குப்புறக் கவிழ்ந்து, தெருவில் நடப்பவர்களின் முகத்தில் உரசுகின்றன. விடுமுறைக்கு வரும் உரிமையாளர் ஒரே நாளில் வேலையை முடித்துவிட நினைக்கிறார். வேலைக்கு வந்தவர், “தரையோட அடிச்சு விட்டுடலாங்க, தானா துளுத்துக்கும்” என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கம்பு நட்டு இழுத்துக் கட்டச் சொல்கிறார். வீட்டில் இருப்பவர்களோ மறைப்புப் போய்விடும் என்று அஞ்சி, நுனியை மட்டும் வெட்டினால் போதும் என்கிறார்கள். இந்த யோசனைகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வேலிக்குச் சரியானவைதான். எந்த வேலிக்கு எது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை செடியின் உயரத்தில் இல்லை. சாய்வு எங்கிருந்து தொடங்குகிறது, முதிர்ந்த கட்டையிலிருந்து அந்தச் செடி துளிர்க்குமா என்ற இரண்டையும் பார்த்த பிறகே அரிவாளை எடுக்க வேண்டும்.

முதலில் சாய்வு. வேலியின் அடியில் குந்தி உட்கார்ந்து, தழையை இரு கைகளாலும் விலக்கி, தண்டு மண்ணை விட்டு வெளிவரும் இடத்தைப் பார்க்க வேண்டும். தண்டு முழங்கால் உயரம் வரை நேராக வந்து, அதற்கு மேல் வளைந்திருந்தால், அது வெளிச்சத்தைத் தேடிய சாய்வு. ஒரு பக்கம் வீட்டின் நிழலோ சில்வர் ஓக் மரங்களின் நிழலோ விழும்போது செடி வெளிச்சமுள்ள பக்கத்தில் மட்டும் தழைக்கிறது. அந்தப் பக்கத்துத் தழைக்கனமே பிறகு அதை மேலும் இழுக்கிறது. இத்தகைய வேலியின் வேர் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். தண்டு மண்ணிலிருந்தே சாய்ந்து வந்தால் செய்தி வேறு. சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்தோ மேடாகத் தூக்கியோ இருக்கிறதா என்று பார்த்து, தண்டை மார்பளவில் பிடித்து மெல்ல அசைத்தால், வேர்ப்பிடிப்பு தளர்ந்த செடியில் அடிமண்ணும் கூடவே அசையும். சரிவில் மழைக்கு மண் இளகுவதாலும், சாலையை அகலப்படுத்தவோ கழிவுநீர்க் கால்வாய் எடுக்கவோ ஒரு பக்கத்து வேரை வெட்டிவிடுவதாலும் இது நேர்கிறது. மூன்றாவதாக ஒரு சாய்வும் உண்டு: கோவைக்கொடி போன்றவை ஏறிப் படர்ந்து வேலியை அமுக்குவது. அதற்குக் கொடியின் வேரை அறுத்து, மேலே உள்ளதை இரண்டு வாரம் காயவிட்டு உருவி எடுத்தாலே வேலி பாதி நிமிர்ந்துவிடும். வேறு முடிவுகளை அதன் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

அடுத்தது துளிர்க்கும் குணம். வளர்ந்துபோன எந்த வேலியைப் பிரித்துப் பார்த்தாலும், வெளியே ஒரு சாண் ஆழத்திற்கு மட்டும் பச்சை இருக்கும். அதற்கு உள்ளே காய்ந்த சுள்ளி, சிலந்திவலை, மக்கிய சருகு. ஆண்டுக்கணக்கில் வெளிப்புறத்தை மட்டுமே கத்தரித்து வந்ததால் உள்ளே வெளிச்சம் போகாமல் இப்படி ஆகிறது. இந்தப் பச்சைத் தோலைத் தாண்டி வெட்டினால் என்ன ஆகும் என்பது செடிக்குச் செடி வேறுபடும். துராந்தா, செம்பருத்தி, அகாலிபா, போகன்வில்லா, நொச்சி, மருதாணி, கொடுக்காப்புளி, உண்ணிச்செடி ஆகியவை கைத்தடிக் கனமுள்ள கட்டையிலிருந்தும் துளிர் விடும். இட்லிப்பூவும் துளிர்க்கும்; ஆனால் மெதுவாக. சைப்ரஸும் துஜாவும் இதற்கு நேர் எதிரானவை. பச்சை இலை இல்லாத பழுப்புக் கட்டையை ஒரு முறை வெளியே காட்டிவிட்டால், அந்த இடம் கடைசி வரை மொட்டையாகவே இருக்கும். சவுக்கையும் துளிர்க்கும் என்று நம்பி அடியோடு வெட்டக்கூடாது. ஆகவே மலைவீட்டு வாசலில் நிற்பது சைப்ரஸ் வேலி என்றால், கீழே சொல்லப்போகும் வழிகளில் பாதி அதற்குப் பொருந்தாது.

செடியின் பெயர் தெரியாவிட்டாலும் சோதித்துப் பார்க்க வழியுண்டு. தண்டின் மேல்தோலை நகத்தால் மெல்லச் சுரண்டினால் அடியில் பச்சை தெரிய வேண்டும். பழுப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் அந்தத் தண்டு செத்தது. இன்னும் உறுதியான சோதனை, வரிசையின் கோடியில் யார் கண்ணிலும் அதிகம் படாத ஒரே ஒரு செடியைத் தரையிலிருந்து முக்கால் அடியில் வெட்டிவிட்டு ஆறு வாரம் காத்திருப்பது. கட்டையைச் சுற்றிலும் மொட்டு கிளம்பினால் மற்றவற்றையும் நம்பி வெட்டலாம். கிளம்பாவிட்டால் இழப்பு ஒரு செடியோடு நிற்கும். அவசரப்படுபவர்கள் இந்த ஆறு வாரத்தைத் தவிர்த்துவிட்டு முப்பது செடிகளை ஒரே பகலில் வெட்டிச் சாய்க்கிறார்கள்.

இனி வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம்.

நுனியை மட்டும் நறுக்குவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. கூலி குறைவு, மறைப்பு போகாது, பச்சையும் குறையாது. சாய்ந்த வேலிக்கு இது மருந்தாகாது என்பதுதான் சிக்கல். வெட்டிய இடத்துக்குச் சற்றுக் கீழிருந்து ஒவ்வொரு நுனிக்கும் இரண்டு மூன்று கிளைகள் கிளம்புவதால், வெளித்தோல் இன்னும் அடர்ந்து, மழையில் நனையும்போது உச்சிக் கனம் கூடுகிறது. உள்ளே வெளிச்சம் இன்னும் குறைகிறது. ஆண்டுதோறும் பழைய வெட்டுக்கு அரை அங்குலம் வெளியே நறுக்குவதால் வேலி ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் தடிக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சைப்ரஸுக்கு மட்டும் வேறு வழியில்லை: பச்சைக்குள்ளேயே நின்று, பக்கங்களை ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை லேசாக நறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் உச்சியைக் குறைக்கலாம். ஆனால் வெட்டிய மேற்பரப்பு மேலிருந்து பார்த்தால் மொட்டையாகத்தான் தெரியும். பக்கத்துத் தழைதான் நாளடைவில் அதை ஓரளவு மூடும். ஏற்கெனவே கவிழ்ந்து அடி வெறிச்சிட்ட சைப்ரஸ் வேலியைக் கத்தரித்து மீட்க முடியாது.

இழுத்துக் கட்டுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வயதுக்குட்பட்ட செடி மழையில் மண் இளகிச் சாய்ந்திருந்தால், ஈரம் காயும் முன்பே நிமிர்த்தி, மேட்டுப்பக்கம் கம்பு அடித்து, சைக்கிள் டியூபை அகலமாக வெட்டிக் கட்டி, வேரின் மேல் மண் அணைத்து மிதித்துவிட்டால் பிடித்துக்கொள்ளும். ஓராண்டில் கட்டை அவிழ்த்துவிட வேண்டும். மணிக்கட்டுக் கனத்துக்கு முற்றிய தண்டு நிமிராது. அதை இழுத்தால் எதிர்ப்பக்கத்து வேர் அறுகிறது அல்லது தண்டே பிளக்கிறது. கட்டுக்கம்பியால் கட்டியவர்கள் இரண்டு மழைக்குள் கம்பி பட்டையைத் தின்று உள்ளே புதைந்திருப்பதைப் பார்க்க நேரும். அந்த இடத்துக்கு மேலே தழை மஞ்சளித்துக் காயும். முற்றிய வேலிக்குக் கம்பு நடுவதைக் கூலிக்குப் பிடித்த கேடு என்றே சொல்வேன்.

அதன் காரணம் சிறியதுதான், ஆனால் முழு முடிவும் அதன் மேல்தான் நிற்கிறது. வளைந்து முற்றிய தண்டு அப்படியேதான் இருக்கும்; அதிலிருந்து புதிதாகக் கிளம்பும் துளிர் மட்டுமே நேராக வானம் பார்த்து எழும். எனவே வேலியை நிமிர்த்துவது என்றால், எந்த உயரத்தில், எந்தப் பக்கத்தில் புதுத் துளிர் வரவேண்டும் என்று தீர்மானித்து அங்கே வெட்டுவதுதான். மீதமுள்ள வழிகளின் வேறுபாடு, அதை ஒரே மூச்சில் செய்கிறோமா, இரண்டு ஆண்டாகப் பிரித்துச் செய்கிறோமா என்பதே.

தரையோடு வெட்டுவது ஒரே மூச்சில் செய்யும் முறை. காப்பித் தோட்டங்களில் முதிர்ந்து விளைச்சல் குறைந்த செடியைத் தரைக்கு மேல் ஓரடி அளவில் வெட்டி, அடிக்கட்டையிலிருந்து வரும் துளிர்களில் நல்லதைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் பழக்கம் உண்டு. சேர்வராயன் மலையில் காப்பி 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கால்கொண்டுவிட்டதால், செடியை வெட்டிச் சீராக்கும் கவாத்து என்ற சொல்லுக்கு இங்கே விளக்கம் தேவையில்லை. மலையில் வேலைக்கு வருபவரின் கையில் அந்தப் பழக்கம் இருக்கிறது. அதே முறை வேலிக்கும் பொருந்தும். ஒவ்வொரு செடியையும் அரையடி முதல் ஓரடி உயரத்தில், சாய்வின் வளைவு தொடங்கும் இடத்துக்குக் கீழே வெட்ட வேண்டும். நல்ல மழை கிடைத்தால் துராந்தாவும் செம்பருத்தியும் ஒரே பருவத்தில் இடுப்பளவு வந்துவிடும். அடி முதல் நுனி வரை பச்சை பிடித்த வேலி வேண்டுமானால் இதைவிட நல்ல வழி கிடையாது; வேலையும் ஒரு நாளில் முடியும்.

அதன் விலை என்ன? ஓராண்டுக்கு மறைப்பு இருக்காது. முதிர்ந்து நலிந்த செடிகளில் சில துளிர்க்காமலே போய் இடைவெளி விழும். ஆடு புகுந்தால் இளந்துளிரை மேய்ந்துவிடும். மலையில் சில பக்கங்களில் காட்டெருமையும் வரும். இவை எல்லாவற்றையும் விடப் பெரிய குறை சரிவில்தான் தெரியும். தழையில்லாத சரிவுமண்ணில் அடைமழை நேராக இறங்கும்போது மேல்மண் ஓடையாக அறுத்துக்கொண்டு போகும். சாலைக்கு மேலே வெட்டிய கரையில் நிற்கும் வேலி என்றால் நான் தரையோடு வெட்டச் சொல்ல மாட்டேன். சமதரையில், பின்புற எல்லையில், மறைப்பைப் பற்றிக் கவலையில்லாத இடத்தில் தாராளமாகச் செய்யலாம்.

வெட்டிய பிறகுதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். கட்டையைச் சுற்றி இருபது முப்பது துளிர் வரும். அத்தனையையும் விட்டுவைத்தால் ஒன்றையொன்று நெருக்கி, மீண்டும் மெலிந்து நீண்டு சாயும். சாண் உயரம் வந்ததும் நேராகவும் பரவலாகவும் நிற்கும் ஐந்தாறை விட்டு மற்றதைக் கையாலேயே ஒடித்துவிட வேண்டும். சரிவில் மேட்டுப்பக்கத்துத் துளிர்களுக்கே முன்னுரிமை கொடுக்கலாம். விட்டவை முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் அடியிலேயே கிளைக்கும். வேலி அடியில் அடர்த்தியாக இருப்பதும் வெறிச்சிடுவதும் இந்தக் கிள்ளலில்தான் இருக்கிறது.

இரண்டு ஆண்டாகப் பிரித்துக் கவாத்து செய்வது, என் கருத்தில், சாலையை ஒட்டிய பெரும்பாலான துராந்தா, செம்பருத்தி, அகாலிபா வேலிகளுக்கு ஏற்ற வழி. முதலாண்டில் உச்சியையும் சாய்ந்த பக்கத்தையும் வெட்டுவது. எதிர்ப்பக்கத்தைக் காய்ந்த சுள்ளி எடுப்பதோடு விட்டுவிடுவது. அடுத்த ஆண்டு, முதல் பக்கம் பச்சை பிடித்த பிறகு, மறுபக்கத்தை வெட்டுவது. எப்போதும் ஒரு பக்கம் இலை இருப்பதால் வேர் பட்டினி கிடக்காது, மறைப்பும் முழுதாகப் போகாது, சரிவுமண்ணும் வெறிச்சிடாது.

முதலில் சாய்ந்த பக்கத்தை வெட்டச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். கனம் அங்கேதான் இருக்கிறது. அதை எடுத்தால் வேருக்கு உடனே ஓய்வு. மேலும் சாய்ந்த பக்கம்தான் வெளிச்சமுள்ள பக்கம் என்பதால் கட்டையிலிருந்து துளிர் அங்கே விரைவாக வரும். உச்சியைத் திறந்துவிட்டதும் இருண்டு கிடந்த பின்பக்கத்துக்குள்ளும் வெளிச்சம் இறங்கி, தானாகவே ஆங்காங்கே மொட்டு விடத் தொடங்கும். மறு ஆண்டு வெட்டுக்கு அது தயாராகிவிடும். உயரத்தைக் குறைப்பதால் வரும் நன்மையைக் கணக்காகவும் சொல்லலாம். காற்று வேலியின் முகம் முழுதும் ஒரே அளவில் அடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அடிவேருக்கு வரும் இழுவை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஒன்பதடி வேலியை ஆறடியாக்கினால் 81க்கு 36 என்ற விகிதத்தில், அதாவது முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே இழுவை இறங்கிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு உயரம் போனதற்குப் பாதிக்கு மேல் நிம்மதி.

வேலை செய்யும் விதத்தில் சில நுணுக்கங்கள் உண்டு. இரு கோடியிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டி, முடிவில் வேண்டிய உயரத்துக்கு ஒரு சாண் கீழே அந்தக் கயிற்றை வைக்க வேண்டும். புதுத்தழை வளர்ந்து அந்தச் சாணை நிரப்பும். தரை சரிவாக இருந்தால் கயிறும் சரிவோடு போகலாம். நீர்மட்டம் பார்த்து நேர்க்கோடு வைத்தால் பள்ளத்தில் வேலி மிக உயரமாகிவிடும். சாய்ந்த பக்கத்துக் கிளைகளை நடுத்தண்டிலிருந்து நான்கு விரற்கடை விட்டு வெட்டினால் போதும். கட்டைவிரலுக்கு மேல் கனமான கிளையை அரிவாளால் கொத்தக்கூடாது. கொத்தினால் நுனி நார்நாராகப் பிளந்து, மழைநீர் தங்கி, அங்கிருந்து அழுகல் இறங்கும். கவாத்து ரம்பத்தால் முதலில் கிளையின் அடிப்புறத்தில் கால்வாசி அறுத்துவிட்டு, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்தால், கிளை தன் கனத்தில் ஒடியும்போது நடுத்தண்டின் பட்டையைக் கிழித்துக்கொண்டு போகாது. மீந்த முளையைக் கடைசியில் சுத்தமாக அறுத்துக்கொள்ளலாம். ஏணி போட்டு நின்று செய்யும் வேலைக்குக் கூலி வேறு என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. சரிவில் ஏணிக்கு அடியில் ஒருவர் பிடித்து நிற்காமல் யாரையும் ஏற்றக்கூடாது. தழைக்குள் மின்கம்பி ஓடினால் மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பை நிறுத்தாமல் தொடவே கூடாது.

வெட்டி முடித்ததும் அடியில் மக்கிய தொழுவுரமும், மலையில் கிடைத்தால் மக்கிய காப்பித்தோலும் போட்டு, சருகால் மூடிவிடுவது நல்லது. ஈரப்பதம் மிகுந்த மலையில் பெரிய வெட்டுகளில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போர்டோ பசை தடவுவது தோட்டக்காரர் வழக்கம்: ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, பத்து லிட்டர் தண்ணீர் என்ற அளவில் கலப்பது. ஒரு வீட்டு வேலிக்கு அதில் பத்தில் ஒரு பங்கே ஏராளம். இரும்புப் பாத்திரத்தில் மட்டும் கலக்கக்கூடாது. கீழே சேலத்து வறட்சியில் இதற்கு அவசியம் இல்லை.

வேலி மெலிந்து இடைவெளி விழுந்திருந்தால், பழைய செடிகளுக்கு நடுவே புதுக் கன்று நடுவது பெரும்பாலும் வீண். பழைய வேர்கள் நீரையும் உரத்தையும் பிடித்துக்கொள்ள, கன்று நிழலில் நீண்டு மெலியும். இதற்குப் பதியன்தான் எளிய தீர்வு. பக்கத்துச் செடியின் தாழ்ந்த கிளையை இடைவெளிப் பக்கம் வளைத்து, கணுவுக்கு அடியில் ஓரங்குலம் பட்டையைச் சீவி, இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் செம்பருத்தி, துராந்தா, நொச்சி எல்லாம் சில வாரங்களில் வேர்விடும். தாய்ச்செடி பாலூட்டிக்கொண்டே இருப்பதால் நிழலிலும் பிழைக்கும். வேர் நன்றாகப் பிடித்த பிறகு இணைப்பை அறுத்துவிடலாம். முள்வேலி வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. முள்ளுள்ள கிளுவையின் போத்தை, அதாவது வெட்டிய கிளைத்துண்டை, ஊன்றியே கொங்குப் பகுதி முழுதும் மேய்ச்சல் காட்டுக்கு உயிர்வேலி அமைத்திருக்கிறார்கள்; இடைவெளி விழுந்தால் அருகிலுள்ள கிளையை வளைத்துப் பின்னியும், புதுப் போத்து ஊன்றியும் அடைப்பார்கள். சேலத்துக்குக் கீழே தண்ணீர் குறைந்த மனைகளுக்கு, அழகைவிடக் காவல் முக்கியம் என்றால், கிளுவையும் கொடுக்காப்புளியும் இன்றும் துராந்தாவைவிட நம்பத் தகுந்தவை.

வேரோடு எடுத்துவிட்டுப் புதிதாக நடுவது கடைசி வழி. மூன்று நிலைகளில் அதைத் தவிர்க்க முடியாது. வேர்ப்பிடிப்பு தளர்ந்து மண்ணோடு அசையும் வேலி, அடி வெறிச்சிட்ட சைப்ரஸ், சோதனைக்கு வெட்டிய செடி ஆறு வாரமாகியும் துளிர்க்காத வரிசை ஆகியவையே அவை. மூன்றிலும் கவாத்துக்குச் செலவிடும் காசு தண்டம். புது வேலி நெஞ்சளவு வர இரண்டு மூன்று ஆண்டு ஆகும், அதுவரை தண்ணீரும் காவலும் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டே இதில் இறங்க வேண்டும். ஓரடி முதல் ஒன்றரையடி இடைவெளியில், சுவரிலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளி நடுவது நல்லது. இன்று சுவர்மேல் கவிழ்ந்து கிடக்கும் வேலிகள் பெரும்பாலும் சுவரோடு ஒட்டி நட்டவைதான். சரிவில் பழைய கட்டைகளை ஒரே நாளில் தோண்டி எடுத்தால் அவை பிடித்து வைத்திருந்த மண்ணும் கூடவே போகும். தரையோடு வெட்டி வேரை அப்படியே விட்டு, மேட்டுப்பக்கம் புது வரிசை நட்டு, அது காலூன்றிய பிறகு பழைய கட்டைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக எடுக்கலாம்.

வலைக்கம்பியும் கருங்கல் சுவரும் நிழல் தராது, குருவிக்கு இடம் தராது. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறைகூட வந்து பார்க்க முடியாதவர்களுக்கு அவையே பொருத்தம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. பராமரிக்க ஆளில்லாத உயிர்வேலி சில ஆண்டுகளில் மீண்டும் இதே நிலைக்கு வந்துவிடும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் பருவம் தப்பினால் பலன் குறையும். மலைக்கும் தரைக்கும் பருவம் ஒன்றல்ல. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் காப்பி பறிப்பு முடிந்து ஆள் கிடைக்கத் தொடங்கும் மாசி, பங்குனி கடுங்கவாத்துக்கு ஏற்ற காலம். அதை அடுத்து வரும் கோடைமழையில் துளிர் வெடித்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மண்ணை மூடிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வெட்டினால் புண்ணும் ஆறாது, மண்ணும் நிற்காது. சேலத்தில் மாசி, பங்குனியில் கடுமையாக வெட்டினால் நிலைமை நேர்மாறாகும்: அதுவரை தழைநிழலில் இருந்த தண்டின் மேல் சித்திரை வெயில் நேராக விழுந்து பட்டை வெடிக்கும். அங்கே ஆனியில் உச்சியை மட்டும் இறக்கி ஆடிக்காற்றைச் சமாளித்துவிட்டு, கடுங்கவாத்தை ஆடிக் கடைசியில் அல்லது ஆவணியில் வைத்துக்கொண்டால், அடுத்து வரும் மழை துளிருக்குக் கைகொடுக்கும். கோடை விடுமுறையில் மட்டுமே வரமுடிந்த சேலத்து வீட்டுக்காரர் அந்த வருகையில் காய்ந்த சுள்ளியை எடுத்து, சோதனைச் செடியை வெட்டி நீரூற்றி வைத்து, பெரிய வேலைக்கு ஆவணியில் ஆள் ஏற்பாடு செய்துவிட்டுப் போவதே சரி.

மலைப் பருவத்தில் ஒரு முரண்பாடு இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. செடிக்கு உகந்த மாசி, பங்குனியில்தான் சின்னான் குருவிகள் கூடு கட்டத் தொடங்குகின்றன. செம்மீசைச் சின்னானுக்கு ஆளுயர வேலிதான் விருப்பமான இடம். வெட்டும் முன் உள்ளே ஒரு முறை பார்த்து, முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்த ஐந்தடி நீளத்தை மட்டும் விட்டு மற்றதை வெட்டலாம். குஞ்சு பறக்க ஒரு மாதம் போதும். அதே பார்வையில் குளவிக்கூடும் கண்ணில் பட்டுவிடும் என்பது கூடுதல் ஆதாயம்.

ஆக, சாலையோரச் சரிவில் தண்டு மட்டும் வளைந்த துராந்தாவுக்கு இரண்டாண்டுக் கவாத்து. சேலத்துச் சமதரையில் பின்பக்க எல்லையிலுள்ள செம்பருத்திக்கோ நொச்சிக்கோ தரையோடு வெட்டு. பச்சை இன்னும் அடிவரை இருக்கும் சைப்ரஸுக்கு ஆண்டுதோறும் லேசான நறுக்கல். மண்ணோடு அசைவதற்கு உடனடியாக உயரத்தைப் பாதியாக்கி, பருவம் வந்ததும் மாற்று நடவு. இந்தத் தீர்ப்பை மாற்றக்கூடியது ஒன்றுதான்: வேலியாக வைத்தது மரமாகிவிட்டிருப்பது. இருபதடி உயர்ந்துவிட்ட சைப்ரஸ் வரிசையையோ சவுக்கு வரிசையையோ மலையில் தன் இடத்தில் நிற்பதுதானே என்று வெட்டிவிட முடியாது. மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி முன் அனுமதி வேண்டும். ஆளைக் கூப்பிடுவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுவிடுவது பின்னால் வரும் அலைச்சலைத் தவிர்க்கும்.

எந்த வேலியானாலும் புதுத்தழை வந்தபின் அதற்குக் கொடுக்க வேண்டிய வடிவம் ஒன்றே. அடி அகன்றும் உச்சி குறுகியும் இருக்க வேண்டும். அடியில் மூன்றடி என்றால் உச்சியில் இரண்டடி. நேர்ச்சுவராகவோ உச்சி அகன்றோ நறுக்கினால் மேல்தழை கீழ்த்தழைக்கு நிழலாகி, அடி மறுபடி வெறிச்சிடும். சாலைப் பக்கம் மட்டுமல்லாமல் வீட்டுப் பக்கமும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது நறுக்கினால் ஒரு பக்கக் கனம் சேராது.

வெட்டிய தழையைச் சாலையோரம் குவித்து விட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்ததும் ஆடு வந்துவிடும். கொடுக்காப்புளித் தழையை ஆட்டுக்குப் போடலாம். துராந்தாவின் இலையும் மஞ்சள் காயும் கால்நடைக்கும் குழந்தைகளுக்கும் ஆகாது. அரளியில் எந்தப் பகுதியும் ஆகாது, அதை எரித்து வரும் புகையைச் சுவாசிக்கவும் கூடாது. இவற்றைத் துண்டாக்கி, ஆடு எட்டாத குழியில் போட்டு மண்ணால் மூடி மக்கவிட வேண்டும். துராந்தாக் காய்களைக் குழிக்குப் போகும் முன்பே உதிர்த்துத் தனியாகப் புதைத்துவிட்டால், அடுத்த ஆண்டு அந்த எருவோடு கன்றுகளும் சேர்ந்து முளைக்காது.